சாதுவான ஆளுக்குள்ள மருந்து

மார்ச் 4, செவ்வாய்

வலது கண் இமை இறங்கியிருக்கிறது. காலையில் எழுந்தால் சரியாக இருக்கிறது. சாயங்காலம் ஆனால் கடை ஷட்டர் மாதிரி பாதியில் வந்து நிற்கிறது. ஒரு மாதமாக இந்தக் கூத்துதான். டீக்கடையில் பெருமாள்சாமி, "என்ன அண்ணாச்சி, இந்த வயசுல கண்ணடிக்கீங்க?" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னான். அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்குக் கண்ணில் கோளாறு என்று தென்காசிக்குள் பேச்சு கிளம்பினால் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும். அடுத்த மாதம் லைசென்ஸ் வேறு புதுப்பிக்க வேண்டும். அதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். லைசென்ஸ் இல்லையென்றால் ஸ்கூல் இல்லை, ஸ்கூல் இல்லையென்றால் நான் வீட்டில் உட்கார்ந்து கடலை உரிக்க வேண்டியதுதான்.

கண் டாக்டரிடம் காட்டலாமே என்றாள் என் மனைவி உலகம்மாள். கண் டாக்டர் எதையாவது எழுதிவிடுவார். எழுதிவிட்டால் முடிந்தது கதை. ஹோமியோபதியில் பக்க விளைவு கிடையாது. அதனால்தான் ஹோமியோபதி. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

கடையநல்லூரில் டாக்டர் ஷமீமா என்று ஒருவர் ஹோமியோபதியில் பெயர் எடுத்தவராம். என்னைத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் குறைவு. பஸ்ஸில் போனேன். வண்டி சும்மாதான் நின்றது. பஸ்ஸில் போனால் பெட்ரோல் மிச்சம்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். இமையை ஒரு தரம் பார்த்ததோடு சரி. மற்றதெல்லாம் கேள்வி. உப்பு பிடிக்குமா, புளிப்பு பிடிக்குமா? எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள்? இடி இடித்தால் என்ன செய்வீர்கள்? யாராவது ஆறுதல் சொன்னால் பிடிக்குமா, எரிச்சல் வருமா? பெண் பார்க்கப் போன வீட்டில்கூட என்னை யாரும் இவ்வளவு கேட்கவில்லை.

"பாக்கதெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதா சார்?"

"இல்லை."

"சாப்பிடும்போது தாடை அசந்து போவுதா? முழுங்கக் கஷ்டமா இருக்கா?"

"இல்லை."

"கோவம் வருமா?"

"எனக்கா? வராது."

"எதையாவது நெனச்சு பயம்?"

"டிரைவிங் சொல்லிக்குடுக்கவனுக்குப் பயம் இருந்தா ஆவுமா டாக்டர்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "சார், நாங்க நோய்க்கு மருந்து குடுக்கது இல்ல, ஆளுக்குத்தான் குடுக்கோம். நீங்க எந்த ஆளைச் சொல்லுதீங்களோ அந்த ஆளுக்குத்தான் மருந்து போவும். வேற ஆளைச் சொன்னீங்கன்னா அவருக்குப் போயிரும்."

சரி என்றேன். திருநெல்வேலியில் ஒரு நரம்பு டாக்டரையும் பார்த்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று ஒரு பெயரை எழுதிக்கொடுத்தார். டாக்டர்கள் எல்லாருமே இப்படித்தான், ஒருத்தர் இன்னொருத்தருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

மருந்தை அவர் தருவதில்லை. சீட்டு எழுதித் தருகிறார், எதிரே மருந்துக்கடை. கடைக்காரர் மாசானம் பேச்சுக்காரர். சீட்டைப் பார்த்ததும், "இது நல்ல மருந்துல்லா. ஒரு வம்புதும்புக்கும் போவாத, சாதுவான ஆளுக்குள்ளது" என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

கையால் தொடாமல் மூடியில் கொட்டி நாக்கின் அடியில் போட வேண்டும். காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, கற்பூர வாடை ஆகவே ஆகாது.

மார்ச் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டாமல் நான் ஸ்டார்ட் பண்ணியதே இல்லை. மருந்துக்குச் சூட வாடை ஆகாது. உலகம்மாளைக் காட்டச் சொல்லிவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். பார்க்கிறவர்கள் நான் சாமியோடு சண்டை போட்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். காபி இல்லாமல் தலைவலி. உலகம்மாள் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு காபி குடித்தாள். வாசனை வந்தது. சத்தம் போட்டேன்.

கோபம் இல்லை. சத்தம் போட்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

இப்போது கற்றுக்கொள்கிறவர் தமிழரசி மேடம் ஒருவர்தான். கூட்டுறவு வங்கியில் கேஷியர். மகன் வெளிநாட்டிலிருந்து கார் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அது வீட்டு முன்னால் கவர் போட்டு நிற்கிறது. மேடம் இரண்டாவது கியரைத் தாண்டினால் கண்ணை மூடுகிறவர். "சார், நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் ஓட்டுதேன்" என்று தினமும் சொல்கிறார். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த பிரேக்கை நம்பி எத்தனையோ பேர் ஓட்டிப் பழகியிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

இலஞ்சி ரோட்டில் நடுக்கோட்டைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். காலையில் ஒரு கோடு இருந்தது. சாயங்காலம் போனால் இரண்டு கோடு. எதற்கு இவ்வளவு பெயிண்டை வீணாக்குகிறார்களோ தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

உலகம்மாள் கேட்காமலே சோற்றைக் குழையப் பிசைந்து ரசம் ஊற்றித் தருகிறாள். வயதானால் இதுதான் நல்லது. பொரியல் வேண்டாம் என்றேன். தேங்காய்ச் சில்லை மென்று கொண்டிருக்க நேரம் யாருக்கு இருக்கிறது?

மார்ச் 15, சனி

இமையில் மாற்றம் இல்லை. உருண்டை இனிப்பாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

பின் டயருக்குக் காற்று அடித்தேன். டியூப் மாற்ற வேண்டும்.

சாயங்காலம் இமையைத் தூக்கி நெற்றியோடு பிளாஸ்திரி போட்டேன். கண்கட்டி என்று தமிழரசி மேடத்திடம் சொன்னேன். "நாமக்கட்டி உரசிப் போடுங்க சார்" என்றார். வீட்டுக்கு வந்து பிய்த்தபோது பாதிப் புருவமும் சேர்ந்து வந்துவிட்டது.

டிவி பார்க்கும்போது ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டால் செய்தி வாசிக்கிற பெண் தெளிவாகத் தெரிகிறாள். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 19, புதன்

ஆய்க்குடிக்குப் பிரிகிற விலக்குப் பக்கம் போனோம். சாயங்காலம். தமிழரசி மேடம் இன்று மூன்றாவது கியர் போட்டார், நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். குறுக்கே இரண்டு டி.வி.எஸ். ஃபிஃப்டி போயின. இரண்டிலும் பின்னால் புல்லுக்கட்டு, இரண்டு ஆளும் ஒரே மாதிரி நீலச் சட்டை. அண்ணன் தம்பியாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் வண்டி போகிற அளவு இடம் இருந்தது. "போங்க, போங்க" என்றேன். மேடம் போகவில்லை. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். புல்லு பம்பரில் உரசிக்கொண்டு போயிற்று. அந்த ஆள் வண்டியோடு சரிந்து, காலை ஊன்றி நிமிர்ந்து, எங்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லாமல் திட்டிவிட்டுப் போனான்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "நான் போகச் சொன்னா போவணும்! நடு ரோட்டுல நிப்பாட்டவா உங்களுக்குச் சொல்லிக் குடுக்கேன்?"

"சார், குறுக்க ஆளு போறாரு..."

"ரெண்டு பேரு போறாங்க, நடுவுல எடம் கெடக்குல்லா?"

மேடம் ஸ்டியரிங்கை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "ஒரே ஆளுதான் சார் போனாரு" என்றார்.

இன்ஜின் சூடாகிவிட்டது, இன்றைக்குப் போதும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்த நீலச் சட்டையையே நினைத்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. ரசம் மூக்கில் ஏறிவிட்டது.

மார்ச் 20, வியாழன்

இன்று கொஞ்சம் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

மருந்து கேட்கவில்லை என்று டாக்டர் ஷமீமாவுக்கு போன் பண்ணியிருந்தேன். வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். உலகம்மாளுடன் போனேன். பஸ்ஸில் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. நாலு பேர் முன்னால் என் பேச்சை மறுத்து அவள் ஒரு சொல் சொன்னது கிடையாது. எங்கள் கல்யாணத்தில் நான் மாலையைத் தலைகீழாகப் போட்டபோதுகூட அப்படியே கழுத்தை நீட்டினவள்.

டாக்டர் அதே கேள்விகளை அவளிடம் கேட்டார்.

"சாருக்குக் கோவம் வருமாம்மா?"

உலகம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். "வராது டாக்டர்."

"சாப்பாடெல்லாம் நல்லா சாப்பிடுதாங்களா?"

"இவ்வொ என்ன சொன்னாவளோ அதான் டாக்டர்."

"எதையாவது நெனச்சு பயப்படுவாங்களா?"

"இவ்வொ சொன்னது சரிதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

வெளியே நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருந்தாள். நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் உலகம்மாளின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் மூக்கைச் சிந்தினாள். அப்புறமும் பேசினாள். அவளிடம் இவ்வளவு பேச்சு இருக்கிறது என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

உள்ளே கூப்பிட்டு வேறு சீட்டு எழுதிக்கொடுத்தார் டாக்டர். இந்தத் தடவை கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினார். "சார், இது ஒரு ஆறுதலுக்குத்தான். திருநெல்வேலிக்குப் போயி ரத்த டெஸ்டு எடுக்காம இனிமே எங்கிட்ட வராதீங்க. இது எம் மருந்துக்கு அடங்குத காரியமாத் தெரியல. வண்டியையும் அதுவரைக்கும் தொடாதீங்க." உலகம்மாள் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு மருந்துக்கடைக்கு நான் மட்டும் போனேன். மாசானம் சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாருக்கு அண்ணாச்சி?"

"சொந்தக்காரர் ஒருத்தருக்கு."

"அதான் பாத்தேன், உங்களுக்குள்ளது இல்லியேன்னு." உருண்டைகளைக் குப்பியில் போட்டுக்கொண்டே சொன்னார். "பாவம், இது ரொம்பப் பயந்த ஆளுக்குள்ளது. வெளிய காட்டிக்கிட மாட்டாவ, வாய் கிழியப் பேசுவாவ. உள்ளுக்குள்ள, நம்மால அடுத்தவனுக்கு என்னமும் ஆயிருமோன்னு செத்துக்கிட்டு இருப்பாவ. நல்ல மனுசனா இருப்பாரு, என்ன?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன்.

பஸ்ஸில் உலகம்மாள் பக்கத்தில் உட்காரவில்லை, பின் சீட்டில் உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பொம்பளகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்ன? பயந்தாங்கொள்ளின்னு சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமத்தான் அவ்வளவு நேரம் பேசுனியோ?"

உலகம்மாள் பையை வைத்துவிட்டு, மோர் கலக்க உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல்தான் பேசினாள். "உறக்கத்துல நீங்க பிரேக்கு, பிரேக்குன்னு கத்துததச் சொன்னேன். வேற என்ன சொன்னேன்?"

"நானா? எப்பம்?"

"மாசி பொறந்ததுல இருந்து. கத்திக்கிட்டே வலது கால வச்சு ஒரு மிதி மிதிப்பீங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு நெடுகக் கன்றிப் போயிருந்தது. பழையது மஞ்சளாக, புதியது நீலமாக.

"கிறுக்கச்சியா நீ? நகந்து படுக்க வேண்டியதுதான?"

"நகந்து பாத்தேன்" என்றாள். "கால் வெறும் காத்துல போச்சுன்னா திடுக்குனு எந்திச்சு உக்காந்து நடுங்குதீங்க. வேர்த்து ஊத்துது. என் கால்ல பட்டுச்சுன்னா வண்டி நின்னுட்டதா நெனச்சு அப்படியே உறங்கிருதீங்க. அதான் அந்தப் பக்கமே படுத்துக்கிடுதேன்."

மோரில் உப்புப் போட்டாள். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். என் வீட்டில், என் கட்டிலில், என் பிரேக் இவளாகத்தான் இருந்திருக்கிறாள்; எனக்குத் தெரியவே இல்லை.

"எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றேன். இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாதது. இந்த டைரியிலும் எழுதாதது.

"தெரியும். சாம்பார இலைக்கு வெளியில ஊத்துதீங்க."

"நேத்து ஒரு ஆளக் கொன்னுருப்பேன், உலகம்மா. அந்த மேடம் நிறுத்தலன்னா கொன்னுருப்பேன். அவனுக்கு வீடு வாசல் இருக்கும், மாடு இருக்கும். புல்லு கொண்டுக்கிட்டுப் போறான் பாவி." குரல் குழறியது. அழுதேன். நன்றாக அழுதேன், சத்தம் போட்டே அழுதேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

உலகம்மாள் மோரை நீட்டினாள். மெதுவாகக் குடிங்க, ஏறிரும் என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

தமிழரசி மேடத்துக்கு போன் பண்ணினேன். கண்ணில் கோளாறு, இரண்டாகத் தெரிகிறது, புதன்கிழமை தப்பு என்னுடையது, உங்கள் பேரில் தப்பே இல்லை, நீங்கள் நிறுத்தியதுதான் சரி என்று ஒரே மூச்சில் சொன்னேன். "நீங்க சரியாயி வார வரைக்கும் நான் காத்திருக்கேன் சார்" என்றார். வேண்டாம் மேடம், கை மறந்து போகும் என்றேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சண்முகவேல் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். என் போர்டுக்கு எதிரே தன் போர்டை நட்டவன். அவனோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவனிடமே மேடத்தை அனுப்பினேன். கிளட்ச் சொல்லிக்கொடுக்க அவனுக்குத் துப்புக் கிடையாது. ஆனால் அவனுக்கு எல்லாம் ஒன்று ஒன்றாகத் தெரிகிறது.

ஊருக்குள் இன்றைக்குள் பரவிவிடும். பரவட்டும்.

வண்டிக்குக் கவர் போட்டேன்.

மார்ச் 22, சனி

நேற்று ராத்திரி கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டு, கால்மாட்டில் ஒரு தலையணையைக் கட்டினேன். இனிமேல் அதை மிதித்துக்கொள்கிறேன், நீ என் இடது பக்கம் படு என்றேன். சரி என்றாள். காலையில் பார்த்தால் தலையணை கீழே கிடந்தது, அவள் பழைய இடத்தில் கிடந்தாள். கேட்டதற்கு, புழுக்கமாக இருந்தது என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

திருநெல்வேலி. நரம்பு டாக்டர் சின்ன வயசுக்காரர், மகன் மாதிரி இருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தேன். இமை தானாக இறங்கி மூடிவிட்டது. கண்மேல் ஐஸ் கட்டியை வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். இமை மேலே ஏறி நின்றது. எனக்கே ஆச்சரியம். ஆனால் டாக்டர் ஆச்சரியப்படவில்லை.

ரெண்டாத் தெரியுதா என்று கேட்டார். தெரியுது. மெல்லும்போது தாடை அசந்து போகுதா? போகுது. முழுங்கச் சிரமமா? ஆமாம். ஒன்றையும் மறைக்கவில்லை. நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய் என்றார். ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை எழுதினார். மூச்சு முட்டினாலோ, முழுங்கவே முடியாமல் போனாலோ உடனே ஓடி வர வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். மருந்து கேட்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம், எவ்வளவு கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அதுவரைக்கும் வண்டி பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

பிறகு என் விவரங்களை எழுத ஆரம்பித்தார். பெயர், அய்யம்பெருமாள். வயது, ஐம்பத்தாறு.

"என்ன தொழில்? வண்டி ஓட்டுவீங்களா?"

"ஓட்டிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

டாக்டர் அதை எழுதினார்.

"ஓட்டுவாவ டாக்டர்" என்றாள் உலகம்மாள்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். கம்பவுண்டர், பக்கத்தில் நின்ற நர்ஸ், கதவோரம் காத்திருந்த இரண்டு பேர், எல்லார் முன்னாலும்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் ஓட்டுதாங்களா? கூடாதுன்னு சொன்னேன்லம்மா?" என்றார் டாக்டர்.

"இப்ப இல்ல டாக்டர்" என்றாள். "ஓட்டுவாவ."

டாக்டருக்குப் புரியவில்லை. பேனாவைப் பிடித்தபடி இருந்தார். எனக்குப் புரிந்தது.